கோம்பை நாய்க்கு வேலை கொடுங்கள், விலை வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை நாட்டு நாய்களைப் பற்றி நீங்கள் ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நான்கையும் சேர்த்து எழுதியதற்கு முதலில் நன்றி. ஆனால் கோம்பை என்று பெயர் போட்டிருந்த படத்தில் இருந்தது கோம்பை இல்லை. ஒட்டிய வயிறு, நீண்டு ஒடுங்கிய முகம், ஈர்க்குச்சி மாதிரி கால். அது சிப்பிப்பாறையாக இருக்கலாம், நிறத்தைப் பார்த்தால் செங்கன்னியாகவும் இருக்கலாம். சின்னத் தவறுதான், விட்டுவிடலாம் என்று இரண்டு நாள் இருந்தேன். அப்புறம் மனசு கேட்கவில்லை. பெயர் மட்டும் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருக்க, அந்தப் பெயருக்கு உரிய நாய் எப்படி இருக்கும் என்பதே மறந்துபோகிற காலம் வந்துவிட்டது என்பதைத்தான் அந்தப் படம் எனக்குச் சொன்னது. அதனால்தான் இதை எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகவே போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் உத்தமபாளையம் பக்கம் கொஞ்சம் தென்னையும், மழையைப் பார்த்து மக்காச்சோளமும் போடுகிறவன். எங்கள் தோட்டத்தில் நின்று மேற்கே பார்த்தால் மலை சுவர் மாதிரி எழும்பி நிற்கும். அந்தச் சுவரின் அடிவாரத்தில்தான் கோம்பை இருக்கிறது. மேலே கேரளாக்காரர்களின் ராமக்கல்மேடு. அங்கே நின்று காற்று வாங்குகிற சுற்றுலாப் பயணிகள் கீழே பச்சையும் பழுப்புமாகப் பார்ப்பது எங்கள் ஊர்களைத்தான். கோம்பை என்றாலே மலை உள்வாங்கிய இடுக்கு என்று பொருள், திண்டுக்கல் பக்கமும் இந்தப் பெயரில் ஊர்கள் உண்டு. நாய்க்குப் பெயர் கொடுத்தது எங்கள் கோம்பை.

சரி, நாய்க்கு வருகிறேன். கோம்பை செவலை நிறம். செங்கல் நிறத்திலிருந்து வெளிறிய பழுப்பு வரை இருக்கும், ஆனால் வாய், மூக்கு, கண்ணைச் சுற்றி எல்லாம் கரி பூசிய மாதிரி கருத்திருக்கும். மயிர் குட்டை. நெஞ்சு அகலம், கழுத்து தடிமன், தாடை நல்ல பலம். கன்னியும் சிப்பிப்பாறையும் ஓட்டத்துக்குப் பிறந்தவை. கரிசல் காட்டில் முயல் எழும்பினால் கண்ணால் பார்த்துத் துரத்திப் பிடிக்கும், அதற்கு ஏற்ற உடம்பு. கோம்பையின் உடம்பு வேறு வேலைக்கு அமைந்தது. புதரும் பாறையுமாக இருக்கிற அடிவாரத்தில் காட்டுப்பன்றியை மடக்கி நிறுத்தணும், இரவில் தொழுவுக்கு வெளியே படுத்துக் காவல் காக்கணும். பன்றி திரும்பி மோதினால் தாங்கணும். ஒல்லியாக இருந்தால் அங்கே வேலைக்கு ஆகாது. வேட்டையும் காவலும் ஒரே நாயிடம் இருந்தது அதனால்தான்.

அது செந்நாய்க்கும் வீட்டு நாய்க்கும் பிறந்தது என்று ஒரு கதை சொல்கிறார்கள், நிறத்தைப் பார்த்துக் கட்டிய கதை. செந்நாய் வேறு பேரினம், நாயோடு அதை ஒரே குடும்பத்தில் வைக்கலாமே தவிர ஒரே கூடத்தில் வைக்க முடியாது. வெள்ளைக்காரன் குதிரைகளை எங்கள் நாய்கள் கடித்துக் குதறின, இந்த மன்னர் படையில் இருந்தது, அந்த மன்னர் படையில் இருந்தது என்றெல்லாம் வீடியோக்களில் பேசுகிறார்கள். எனக்கும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குட்டியின் விலையைக் கூட்ட அந்தக் கதைகள் பயன்படுகிற அளவுக்கு நாயைக் காப்பாற்றப் பயன்பட்டதாக நான் பார்க்கவில்லை.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் தாத்தாவிடம் எழுபது, எண்பது வெள்ளாடு இருந்தது. பட்டிக்குக் காவலாகச் செவலையன் என்று ஒரு கடுவன், அதாவது ஆண் நாய். பகலில் அவன் இருக்கிற இடமே தெரியாது, வேப்பமரத்தடியில் சுருண்டு கிடப்பான், வருகிற போகிறவர்களைப் பார்த்துக் குரைக்கவும் மாட்டான். பிள்ளைகள் நாங்கள் மேலே ஏறி விழுந்தாலும் எழுந்து வேறு பக்கம் போய்ப் படுத்துக்கொள்வானே ஒழிய உறும மாட்டான். எனக்குப் பத்து, பதினொரு வயசு இருக்கும், ஆடு திருடுகிறவர்கள் ஒரு இரவு வந்துவிட்டார்கள். நாங்கள் யாரும் எழவில்லை. விடிகிற நேரத்தில் தாத்தா போய்ப் பார்த்தால் பட்டிக்கு வெளியே வரப்பில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான், அவனுக்கு எதிரே நாலடி தள்ளிச் செவலையன் படுத்திருக்கிறான். கெண்டைக்காலில் ஒரே ஒரு கடி. அதற்கு மேல் கடிக்கவில்லை. அந்த ஆள் எழுந்தால் இவனும் எழுவான், அவன் உட்கார்ந்தால் இவனும் படுப்பான், இப்படியே இராத்திரி முழுக்க இருந்திருக்கிறது. கூட வந்தவன் ஓடிவிட்டான். தாத்தா அந்த ஆளுக்கு மஞ்சள் பத்துப் போட்டு, ஊர்ப் பெரியவர்களிடம் ஒப்படைத்துவிட்டு, பிறகு அவரே பஸ் ஏற்றி ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போனார். நாய்க்கு அன்றைக்குக் கம்பஞ்சோற்றோடு ஒரு முட்டை.

பின்னாளில் எடுத்தனூர் நடுகல்லைப் பற்றிப் படித்தபோது எனக்கு உடனே செவலையன் ஞாபகம்தான் வந்தது. திருவண்ணாமலை மாவட்டத்தில், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்துக் கல். எருமைகளைக் காக்கப் போய் உயிர்விட்ட ஒரு வீரனுக்காக நட்டது. அந்தக் கல்லில் வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன், அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுத்தாகவே பொறித்து வைத்திருக்கிறார்கள். 1400 வருஷத்துக்கு முந்தி ஒரு நாய்க்குப் பெயர் சொல்லிக் கல் வெட்டியிருக்கிறார்கள். கவனித்துப் பாருங்கள், அது என்ன ஜாதி நாய், என்ன நிறம் என்று அதில் இல்லை. என்ன வேலை செய்தது என்பதுதான் இருக்கிறது.

நான் சொல்ல வருவது இதைத்தான். கோம்பை என்கிற இனத்தை உண்டாக்கியது அதன் வேலை. பயந்த குட்டியை யாரும் பட்டியில் வைத்துக்கொள்ளவில்லை, வீட்டு ஆளையே கடிக்கிற நாயிடம் அடுத்த ஈத்துக்குக் குட்டி எடுக்கவில்லை, ஆட்டைத் தொட்டதை அன்றைக்கே விலக்கினார்கள். புத்தகம் எதுவும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக இப்படிப் பொறுக்கிப் பொறுக்கி வந்ததுதான் அந்த நாயின் குணம். இப்போது அந்த வேலை போய்விட்டது, பொறுக்குகிற ஆளும் போய்விட்டார்.

வேட்டை போனது நியாயம்தான். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, வந்திருக்கவே வேண்டியது. நாயை விட்டுப் பன்றி அடிக்கிற காலம் திரும்ப வரணும் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். ஆனால் காவல் வேலையும் சேர்ந்து போனதுதான் கஷ்டம். கிடை போடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். மலைமாடு வைத்திருந்தவர்கள் மேய்ச்சலுக்கு எங்கே போவது என்று தவிக்கிறார்கள். மேகமலைப் பக்கம் 2021-ல் புலிகள் காப்பகம் ஆனது, அடுத்த வருஷமே காட்டுக்குள் மேய்ச்சலுக்கு உயர் நீதிமன்றம் தடை போட்டது, பிறகு அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்ற அளவில் நிறுத்தினார்கள். புலியும் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் மாடு விற்கிற வீட்டில் நாயையும் யாரும் வைத்துக்கொள்வதில்லை. தொழு காலியானால் தொழுவாசலில் படுத்திருந்தது எங்கே போகும்? இதை எந்தக் கணக்கிலும் யாரும் எழுதவில்லை.

இந்தப் பக்கம் வேலை போனது, அந்தப் பக்கம் விலை ஏறியது. 2020 ஆகஸ்ட் கடைசியில் பிரதமர் வானொலியில் பேசும்போது ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லி, நாட்டு நாய்களை வளருங்கள் என்று கேட்டுக்கொண்டார். எங்களுக்கெல்லாம் பெருமையாக இருந்தது. ஆனால் அதற்கு அடுத்து வந்த மாதங்களில் எங்கள் பக்கம் கார் போட்டுக்கொண்டு வந்து குட்டி கேட்டவர்களைப் பார்த்தபோதே எனக்குக் கொஞ்சம் பயமாகிவிட்டது. வந்தவர்களில் ஆடு வைத்திருப்பவர் ஒருவரும் இல்லை. நல்லாக் கடிக்குமா, இதுதான் முதல் கேள்வி.

என் சித்தப்பா மகன் சென்னையில் இருக்கிறான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்காமல் விளம்பரத்தைப் பார்த்து 22,000 ரூபாய் கொடுத்து ஒரு குட்டி வாங்கிவிட்டான். கொடுத்தவர் ஒரிஜினல் கோம்பை, தாய் தகப்பன் இரண்டும் எங்களிடம் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார், தாயையும் காட்டவில்லை, தகப்பனையும் காட்டவில்லை. குட்டிக்கு அப்போது ஐந்து வாரம்தான். நாய் இனப்பெருக்கத்துக்கென்று 2017-ல் மத்திய அரசு போட்ட விதிகள் இருக்கின்றன. எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக்கூடாது. ஒரு பெட்டையை 18 மாதத்துக்கு முன்னால் இணை சேர்க்கக்கூடாது. வருஷத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல் எடுக்கக்கூடாது. ஆயுசுக்கே ஐந்து ஈத்துதான். விற்கிறவர் விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். வாங்குகிறவர்கள் இந்த ஒரே ஒரு விதியை, அந்த எட்டு வாரக் கணக்கைத் தெரிந்து வைத்திருந்தாலே பாதிப் பேர் ஏமாற மாட்டார்கள். தாயிடமும் கூடப் பிறந்ததுகளிடமும் எட்டு வாரம் இருந்தால்தான், எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதையே ஒரு குட்டி கற்றுக்கொள்கிறது.

அந்தக் குட்டி வளர்ந்தது, இரண்டாவது மாடி வீட்டில், பால்கனியில், சங்கிலியில். காதை வேறு வெட்டி வைத்திருந்தார்கள், அப்போதுதான் முரட்டுத்தனமாகத் தெரியுமாம். காது வெட்டுவது 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம், வலியைத் தவிர நாய்க்கு அதில் எதுவும் கிடைப்பதில்லை. ஒன்றரை வயசில் சாப்பாடு கொண்டுவந்த பையனைக் கடித்துவிட்டது. குடியிருப்பில் எல்லோரும் சத்தம் போட, ராத்திரியோடு ராத்திரியாக என்னிடம் கொண்டுவந்து இறக்கினார்கள். பார்த்தால் அது பாதிக் கோம்பைகூட இல்லை, வேறு ஏதோ வெளிநாட்டு ரத்தம் கலந்த நாய். பாவம், அதன் தப்பு என்ன இருக்கிறது. மூன்று மாதம் நடக்கவும் ஓடவும் விட்டு, தினமும் ஆட்டோடு கூட்டிப்போனபிறகுதான் மனிதர் கையைப் பார்த்தால் மிரளுவதை நிறுத்தியது. அந்தக் கடித்த செய்தி அவர்கள் குடியிருப்புப் பக்கம் பரவியபோது, கோம்பை நாய் கடித்தது என்றுதான் பரவியது.

இதைவிடப் பெரிய ஆபத்து வெளியே தெரியாதது. நல்ல கடுவன் என்று பெயர் எடுத்த ஒன்றோ இரண்டோ இருந்தால், சுற்று வட்டாரப் பெட்டைகளை எல்லாம் அதனிடமே கொண்டுபோகிறார்கள். அடுத்த தலைமுறையில் தகப்பனுக்கும் மகளுக்கும், அண்ணனுக்கும் தங்கைக்கும் இணை சேர்க்கிறார்கள். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, எது யாருடைய குட்டி என்று எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். முதலில் ஒன்றும் தெரியாது, இன்னும் சொல்லப்போனால் குட்டிகள் எல்லாம் ஒரே அச்சில் அழகாக இருக்கும். பிறகு ஈத்துக்கு எட்டு போட்டது நாலு போடும், நாலில் இரண்டு தங்காது. ராஜபாளையத்தில் நடந்தது நமக்கு முன்னாலேயே இருக்கிறது. தூய வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு என்று அதையே தேடித்தேடிச் சேர்த்ததில் காது கேட்காத குட்டிகள் பிறந்தன. நிறத்தைக் கொடுக்கிற உயிரணுக்கள் உள்காதிலும் இருக்க வேண்டும், அவை இல்லாவிட்டால் காது கேட்காது. காவல் நாய்க்குக் காது இல்லையென்றால் அப்புறம் என்ன இருக்கிறது?

இதற்கு அரசு என்ன செய்யலாம் என்று கேட்டால், ஏற்கெனவே செய்து பார்த்த ஒன்று இருக்கிறது. சென்னை சைதாப்பேட்டையில் கால்நடைத் துறையே நாய் இனப்பெருக்க நிலையம் நடத்தியது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை எல்லாம் அங்கே இருந்தன. கடைசியில் வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய் அதை மூட வேண்டியதாயிற்று. எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஆட்டையும் காட்டையும் பார்த்து வளர வேண்டிய நாயைப் பட்டணத்துக் கூண்டில் வைத்துக் குட்டி எடுத்தால் நிறம் மிஞ்சும், குணம் மிஞ்சாது.

கர்நாடகத்தில் வேறு மாதிரி செய்தார்கள். முதோல் நாய்க்கு ஆராய்ச்சி மையத்தை பெங்களூரில் வைக்கவில்லை, முதோலுக்குப் பக்கத்திலேயே திம்மாப்பூரில் வைத்தார்கள். அந்த நாய் ராணுவப் பயிற்சி வரைக்கும் போனது. 2005-ல் தபால் துறை நான்கு இந்திய நாய்களுக்கு அஞ்சல் தலை போட்டபோது முதோல் இருந்தது, நம் ராஜபாளையமும் இருந்தது. கர்னாலில் இருக்கிற தேசிய விலங்கு மரபு வள நிறுவனம் முதன்முதலாக நாய் இனங்களைப் பதிவு செய்த 2020-ல் முதோல், ராஜபாளையம், சிப்பிப்பாறை மூன்றும் ஏறின. கோம்பை அஞ்சல் தலையிலும் இல்லை, அந்த முதல் பட்டியலிலும் இல்லை. அதற்காக நான் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் இனி நடக்க வேண்டியதை எங்கள் மாவட்டத்திலேயே நடத்த முடியும் என்பதைச் சொல்கிறேன். தேனியில் கால்நடை மருத்துவக் கல்லூரி சில வருஷங்களாக இருக்கிறது. அங்கே படிக்கிற பிள்ளைகள் கோம்பை, தேவாரம், பண்ணைப்புரம், கூடலூர் என்று அடிவாரத்து ஊர்களில் வீடு வீடாகப் போய், எத்தனை நாய் இருக்கிறது, என்ன அளவு, யாருடைய குட்டி யார் வீட்டில் இருக்கிறது என்று ஒரே ஒரு முறை முழுசாக எழுதட்டும். தேறுகிற நாய்க்கு தோலுக்கடியில் அடையாளச் சிப் வைக்கட்டும். இரண்டு ஊர் தள்ளி இருக்கிற கடுவனை இங்கே இணை சேர்க்கவும், இங்கே இருப்பதை அங்கே அனுப்பவும் ஒரு நோட்டு இருந்தால் போதும். கட்டடம் கட்டி நாயை உள்ளே வைக்க வேண்டாம். நாய் ஆடு வைத்திருக்கிறவர் வீட்டிலேயே இருக்கட்டும், அவருக்குத் தடுப்பூசியும் பூச்சி மருந்தும் இலவசமாகக் கிடைக்கட்டும்.

தடுப்பூசி விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. காட்டோரத்தில் தடுப்பூசி போடாத நாய் காட்டுக்கே ஆபத்து. 2018-ல் கிர் காட்டில் சிங்கங்கள் வரிசையாகச் செத்தபோது, நாய்களுக்கு வருகிற டிஸ்டெம்பர் கிருமிதான் அதில் கண்டுபிடிக்கப்பட்டது. எங்கள் மலையில் சிறுத்தையும் செந்நாயும் இருக்கின்றன. கோம்பையைக் காக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு செந்நாய்க்கு நோய் கொடுத்தால் அது பெரிய பாவம். அதனால்தான் சொல்கிறேன், நாய் பட்டியோடும் வரப்போடும் நிற்க வேண்டும், காட்டுக்குள் போகக்கூடாது, அதைப் பழக்குவது நம் கையில் இருக்கிறது.

வேலை இல்லை என்று சொன்னேனே, உண்மையில் வேலை இருக்கிறது. பன்றி இப்போது முன்னைவிட அதிகமாக இறங்குகிறது. கதிர் பிடித்த மக்காச்சோளத்தில் ஒரு கூட்டம் புகுந்தால் விடியும்போது பாய் விரித்த மாதிரி சாய்ந்து கிடக்கும், நான் இரண்டு வருஷம் முன்னால் கால் ஏக்கர் அப்படி இழந்திருக்கிறேன். இதற்குப் பயந்து சிலர் கரண்டு வேலி போடுகிறார்கள், அதில் யானையும் சாகிறது, தண்ணீர் பாய்ச்சப் போன மனிதரும் சாகிறார். அதற்குப் பதில் இரண்டு நல்ல நாய் இருந்தால், பன்றி வரப்பைத் தாண்டுவதற்கு முன்பே சத்தம் வந்துவிடும், நாமும் டார்ச்சும் தகரமும் எடுத்துக்கொண்டு போய்விடலாம். விரட்டுவது போதும், பிடிக்க வேண்டாம். எங்கள் தோட்டத்தில் போன போகத்துக்கு அப்படித்தான் பார்த்துக்கொண்டோம். சேதமே இல்லை என்று சொல்ல மாட்டேன், இரண்டு பாத்தி போனது.

பட்டணத்து வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்கு நாட்டு நாய் மேல் பாசம் இருந்தால் உங்கள் தெருவிலேயே பிறந்த குட்டி ஒன்றை எடுத்து வளருங்கள், அதுவும் நாட்டு நாய்தான், உங்கள் வீட்டுக்கும் அதுவே பொருந்தும். தோட்டமோ, சுற்றுச்சுவரோடு பெரிய இடமோ, தினமும் அதோடு செலவழிக்க நேரமோ இல்லாதவர்கள் கோம்பை வாங்க வேண்டாம். ஆசிரியருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை நாட்டு நாய் பற்றிப் போடும்போது விற்கிறவர்களிடம் மட்டும் கேட்காமல், எங்கள் பக்கம் ஆள் அனுப்பி ஆடு மேய்க்கிறவர்களிடமும் கேளுங்கள். படமும் நாங்களே எடுத்துக் கொடுக்கிறோம்.

எங்களிடம் இப்போது ஒரு பெட்டை இருக்கிறது, மூன்று வயசு, கருவாய்ச் செவலை. தேவாரத்துப் பக்கம் ஒருவர் வீட்டுக் கடுவனோடு சேர்த்திருக்கிறோம், இரண்டுக்கும் நான்கு தலைமுறைக்கு ரத்த உறவு இல்லை என்பதை ஊர் ஊராகப் போய் விசாரித்து உறுதி செய்துகொண்டுதான் சேர்த்தோம். ஐப்பசிக் கடைசியில் ஈனும். எட்டு வாரம் கழித்து, இருபது ஆட்டுக்குக் குறையாமல் பட்டி வைத்திருக்கிறவர் யார் வந்தாலும் ஒரு குட்டி கொடுப்பேன். காசு வேண்டாம். குட்டியை யாருக்குக் கொடுத்தேன் என்று நோட்டில் எழுதிக்கொள்வேன், அவரும் அதன் முதல் ஈத்தில் பிறப்பதை எனக்குச் சொல்லி எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
உத்தமபாளையம், தேனி மாவட்டம்.